மீனெண்ணெய் பூசிய வெளிச்சம்

அன்றைக்கு அல்லைப்பிட்டிக் கரையில் ஏழு பூனைகள் இருந்தன. நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே எட்டாவது ஒன்று வேலிக்குள்ளால் நுழைந்து வந்தது. எல்லாம் ஒரு கம்பத்தைச் சுற்றிக் குந்தியிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

கம்பத்தின் நுனியில் ஒரு விளக்கு. விளக்கிலிருந்து மெல்லிய புகை வந்தது. புகையில் மீன் பொரிக்கிற மணம்.

பொழுது மங்கி மம்மலாகிக்கொண்டிருந்தது. எமல்டா அக்கா இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றியபடி கம்பத்தின் கீழ் நின்றார். அவருடைய கணவர் அருளப்பு அண்ணை நண்டு வலைக் குவியலுக்குப் பின்னால் நின்றார். குற்றம் செய்த கணவன்மார் நிற்கிற விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கையில் ஒரு வேலையும் இல்லாமல் வலையின் ஒரு கண்ணைப் பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இதுக்கு ஆர் எண்ணெய் பூசினது?" என்று அக்கா கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாததுதான் எனக்கே பயமாக இருந்தது.

"நான்தான். உப்புக்காத்துப் படுற சாமானை எண்ணெய் பூசாமல் விடலாமோ?"

தகப்பன் காலத்து மரவள்ளத்துக்கு வருடா வருடம் சுறா எண்ணெய் பூசி வளர்ந்த மனிதர் அவர். இப்போது அவரிடம் இருப்பது பைபர் படகு. அதற்கு எண்ணெயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஆனாலும் அடுப்படிக் குசினி மூலையில் ஒரு போத்தல் சுறா எண்ணெய் எப்போதும் இருக்கும். மனைவி பாடுபட்டுச் செய்த விளக்கு உப்பில் அழிந்துபோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், மத்தியானம் அதை எடுத்து மேலும் கீழுமாகப் பூசி ஊற வைத்திருக்கிறார். விளக்கு எரிந்து சூடேறியதும் எண்ணெய் பொரியத் தொடங்கிவிட்டது. பூனைகளுக்கு அழைப்பிதழ் போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தேன். கால் மணித்தியாலத்துக்குள் அந்தச் சிரிப்புக்காக வெட்கப்படப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

அதைச் சொல்ல முன்னம் அந்த விளக்கு அங்கே வந்த கதையைச் சொல்ல வேண்டும். இந்தத் தொடரை ஒழுங்காக வாசிப்பவர்களுக்கு என் பழக்கம் தெரியும். நேர்ப் பாதையால் போனால் எனக்கு வழி பிழைத்துவிடும்.

அலுமாரிக்குள் பூட்டிய பெட்டிகள்

நான் அப்போது புளியங்கூடலில் இருந்து மோட்டார் சைக்கிளில் போய், தீவுப்பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எமல்டா அக்கா அங்கே ஆய்வுகூட உதவியாளர். சோதனைக் குழாய் கழுவுவது, தராசு துடைப்பது, அலுமாரித் திறப்புகளைப் பத்திரமாக வைத்திருப்பது அவருடைய வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அன்பளிப்பாக வந்த எதையும் பாவிக்க மாட்டோம். வெளிநாட்டிலிருந்து வந்த கண்ணாடிக் கோப்பை அலுமாரிக்குள் இருக்கும், வீட்டுக்காரர் அலுமினியக் குவளையில் தேத்தண்ணி குடிப்பார். பள்ளிக்கூடங்களும் அப்படியே. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் பத்து மின்னணுப் பரிசோதனைப் பெட்டிகள் அனுப்பினார்கள். நாடா வெட்டினோம், படம் எடுத்தோம், வடையும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். அதன் பிறகு பெட்டிகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். பிள்ளைகள் பழுதாக்கிப்போடுவார்கள் என்றார் பள்ளிக்கூட அதிபர். நானும் தலையாட்டினேன்.

அந்தப் பெட்டிகளைக் கிழமைக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூசு தட்டியவர் எமல்டா அக்கா மட்டும்தான். ஒருநாள் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய பல்ப் ஒன்றைக் காட்டி, இது என்ன சேர் என்று கேட்டார்.

நான் விடுவேனா. ஒளிகாலும் இருவாயி என்றேன். அதாவது எல்லோரும் எல்ஈடி என்று சொல்வது. குறைகடத்தி என்றேன், முன்முகக் கோடல் என்றேன், கரும்பலகையில் படமும் கீறினேன். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அது சரி சேர். கொளுத்திக் காட்டுங்கோ."

எனக்கு அது ஏலாது. இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பாடத்தைப் படிப்பித்தவன் நான். ஒரு எல்ஈடியைக்கூட என் கையால் எரித்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அன்றைக்கு அந்தச் சுரைக்காய் நானாகவே இருந்தேன்.

அக்கா அதிபரிடம் கேட்டு, கொப்பியில் கையெழுத்து வைத்து, ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார். போனில் யூரியூப் பார்த்தார். இடப்பெயர்வோடு படிப்பை விட்டவர் அவர். ஒரு கிழமைக்குள் பிஸ்கற் அளவான ஒரு மின்சுற்றுப் பலகையில் அந்தக் குட்டி பல்ப் இரண்டு தரம் சுருக்காகவும் ஒரு தரம் நீட்டாகவும் மினுங்கியது. அதை ஆய்வுகூட மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போலச் சோதனைக் குழாய் கழுவப் போய்விட்டார்.

எனக்கு இடைவேளை முடிந்து மணி அடித்ததே கேட்கவில்லை.

இறங்குதுறை எது?

அக்கா விளையாட்டுக்கு அதைத் தொடங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அருளப்பு அண்ணை பின்னேரம் நண்டு வலை வைத்துவிட்டு மம்மலில் கரைக்கு வருவார். அவர்களுடைய இறங்குதுறைக்கு முன்னால் கடல் முழங்கால் ஆழம்தான். பழைய சிறகுவலைத் தடிகள் எங்கும் குத்திக்கொண்டு நிற்கும். படகு வர நாலு பாகம், அதாவது நாலு கைவிரிப்பு அகலத்தில் ஒரே ஒரு வழி. அந்த வருடத்தில் இரண்டு தரம் அவர் வழி தவறித் தடிகளுக்குள் போனார். இரண்டாம் தரம் எஞ்சின் காற்றாடி உடைந்தது. இருட்டிய பிறகு படகைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்து சேர்ந்தார்.

கரையில் லைற்றுகள் கூடிப்போய்விட்டன என்று அவர் குறைப்பட்டார். முன்னெல்லாம் ஒரு வீட்டு லாம்பு, ஒரு கோயில் விளக்கு. இப்போது தெருவிளக்கு, கடை விளக்கு, புதிதாகக் கட்டிய வீடுகளின் மதில் விளக்கு. எது தன் துறை என்று தெரியவில்லை என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கொழும்பில் இருக்கிற மகளுக்கு நியாயமாகப் படவில்லை. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வரும்போது படகை விற்றுவிட்டு இரண்டு பேரையும் வெள்ளவத்தையில் தன் மாடிவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். அப்பா இனிக் கடலுக்குப் போகக் கூடாது. பிள்ளையில் பிழை சொல்ல முடியாது.

அருளப்பு அண்ணை அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆனால் சாப்பாடு குறைந்துவிட்டது என்று அக்கா என்னிடம் சொன்னார். நாலாம் மாடியில் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அருளப்பு அண்ணையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அக்காவாலும் முடியவில்லை. மற்ற எல்லா வெளிச்சத்திலிருந்தும் தனித்துத் தெரிகிற ஒரு வெளிச்சத்தைத் தன் துறையில் நட்டுவிட்டால், மனிதர் வழி தவறாமல் வருவார், மகளும் மனம் மாறுவாள் என்பது அவருடைய கணக்கு. நத்தாருக்கு நாலு மாதம் இருந்தது.

பலகை செத்த கதை

அக்கா குட்டி பல்ப்பை ஒரு கம்பத்தில் கட்டினார். கரையில் நின்று பார்த்தால் அழகு. அருளப்பு அண்ணை கடலிலிருந்து வந்து, தெரியுது, இன்னும் கொஞ்சம் கூட்டினால் நல்லம் என்றார்.

கூட்டுவதற்கு என்ன, ஒன்றுக்குப் பதிலாக ஆறு வைத்தால் ஆயிற்று என்று அக்கா ஆறையும் பலகையின் ஒரே கம்பிக்காலில் பொருத்தினார். பலகையிலிருந்து ஒரு நூல் புகை வந்தது. அதோடு அது செத்துப்போனது. பள்ளிக்கூடச் சாமான். அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லையாம். மறுநாள் செத்த பலகையை ஒரு கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டுவந்து அதிபரின் மேசையில் வைத்தார். அதிபர் நல்ல மனிதர். அலுமாரிக்குள் கிடந்து செத்தால் மட்டும் என்ன என்று கேட்டு, இன்னொரு பெட்டியைக் கொடுத்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவருடைய மற்ற எல்லாவற்றையும் நான் மன்னித்துவிட்டேன்.

ஏன் செத்தது என்று அக்கா என்னைக் கேட்டார். இந்த முறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. நான் தோட்டக்காரன் வீட்டுப் பிள்ளை. வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிய ஆள். வாய்க்காலில் மண்வெட்டியோடு நிற்பவர் மடையைத் திறப்பார், அடைப்பார், அவ்வளவுதான். தண்ணீரை இறைப்பது கிணற்றடியில் நிற்கிற மிசின். மண்வெட்டிக்காரரையே தண்ணீரும் அள்ளி ஊற்றச் சொன்னால் விழுந்துபோவார். அந்தப் பலகை மண்வெட்டிக்காரர், அது உத்தரவு மட்டும் போட வேண்டும் என்றேன். வெளிச்சத்துக்கு வேண்டிய ஓட்டம் பற்றறியிலிருந்து வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மடை மாதிரி ஒரு திரான்சிற்றர் இருக்க வேண்டும்.

சொல்லி முடித்தபோது எனக்கே ஆச்சரியம். இத்தனை வருடத்தில் திரான்சிற்றரை நான் ஒழுங்காக விளங்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அக்கா யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினார். மூன்று கால் உள்ள அந்தச் சின்னச் சாமானையும், ஒரு பை நிறைய எல்ஈடிகளையும், தடையிகளையும் வாங்கி வந்தார். மூன்று மூன்றாகக் கோத்து, ஒவ்வொரு கோவைக்கும் ஒரு தடையி வைத்து, பால்மாத் தகர மூடியொன்றில் இருபத்துநாலு எல்ஈடிகளைப் பற்றவைத்தார். பலகை உத்தரவு போட, பற்றறி உழைக்க, மூடி முழுவதும் மினுங்கியது.

அருளப்பு அண்ணை கடலால் வந்தார். தெரியுது, இன்னும் கொஞ்சம் கூட்டினால் நல்லம் என்றார்.

கொடுத்ததையெல்லாம் குடிக்கிற பல்ப்

அடுத்ததாகப் பெரிய எல்ஈடி வந்தது. பெருவிரல் நகம் அளவு மஞ்சள் முகம். அந்த முகம் ஒன்றே முன்னைய இருபத்துநாலையும் தோற்கடிக்கும். அக்கா அதை நேரே வீட்டுச் சூரியமின் பற்றறியில் பொருத்தினார். நான் அங்கே நின்றேன். அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த வளவில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். கிணற்றடி, கோழிக்கூடு, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சாரம் எல்லாம் பகல் மாதிரித் தெரிந்தன. சில நிமிடங்கள்தான். பிறகு ஊதா நிறமாகி அணைந்தது. தொட்ட விரல் சுட்டது.

அக்கா அழவில்லை. கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு பழைய கதையைச் சொன்னார்.

போரில் கரண்ட் இல்லாமல் போன வருடங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். தீவை விட்டுப் பெயர்ந்து, நாங்கள் மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில், அக்கா வீட்டார் இன்னொரு பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில். ஜாம் போத்தலுக்குள் ஒரு திரியும் சொட்டு மண்ணெண்ணெயும் வைத்து அதன் வெளிச்சத்தில் படித்தோம். வானத்தில் பிளேன் சத்தம் கேட்டால் அதையும் ஊதி அணைத்தோம். வெளிச்சம் கூடக் கூடப் பயம் கூடிய காலம் அது. கடலில் விளக்கோடு போவதை நினைக்கவும் முடியாது. எங்கள் வயதுக்காரருக்கு இன்றைக்கும் தேவைக்கு மேல் ஒரு லைற் எரிந்தால் மனம் திடுக்கிடும்.

அந்தக் கொட்டகையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்பார்களாம். செய்தி நேரத்தில் சுற்றுகிற வேலை எமல்டா அக்காவுக்கு. அவருடைய தமையன் ஒருநாள் ஆசையில் வேகமாகச் சுற்றி றேடியோவைப் புகைய வைத்துவிட்டார். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை.

"இந்தப் பல்ப்புக்கும் ஒரே சீராய்ச் சுத்துற ஆள் வேணும் சேர். இல்லாட்டி குடுக்கிறதை எல்லாம் குடிச்சுச் செத்துப்போகும்," என்றார்.

அதுதான் விடை. புத்தகத்தில் மாறா ஓட்டம் என்று இருக்கிறது. பற்றறி ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவு ஓட்டத்தைக் கொடுக்கிற ஒரு சின்னச் சுற்று கடையில் கிடைத்தது. சூட்டை என்ன செய்வது என்று அடுத்த கேள்வி. பழைய இரும்புக்காரரிடம் செட்டை செட்டையாக அலுமினியம் வைத்த ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின் தலை இருந்தது. அதன் முதுகில் எல்ஈடியை இறுக்கினார். மேலே மழைக்கு ஒரு தகரக் கூரை. கம்பத்தில் கோயில் கொடியேற்றுகிற மாதிரி ஒரு கப்பியும் கயிறும். இரண்டு நாளுக்கு ஒருமுறை இறக்கி உப்பைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஏற்றலாம்.

இந்தத் தொடரில் படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், மேடையில் பொன்னாடை வாங்கியவர்கள் பலரைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவர்களில் ஒருவரையும் நான் எமல்டா அக்காவுக்கு மேலே வைக்க மாட்டேன். இரண்டு தரம் எரித்தார், இரண்டு தரமும் ஏன் எரிந்தது என்று கண்டுபிடித்தார். இதில் ஒன்றையும் யாரும் அவருக்குச் சோதனையாக வைக்கவில்லை.

மண்டைதீவுக் கரையிலிருந்து ஒருவர் சந்தையில் அக்காவைக் கண்டு, உங்கள் பக்கத்தில் என்ன மினுங்குகிறது என்று கேட்டாராம். அவ்வளவு தூரம் போயிருக்கிறது வெளிச்சம்.

அருளப்பு அண்ணை மட்டும் அன்றைக்கும் வந்து, தெரியுது, இன்னும் கொஞ்சம் கூட்டினால் நல்லம் என்றார்.

நான் அறிவியல் படிப்பிப்பவன். வெளிச்சம் நூறு மடங்கு கூடியிருக்கிறது, பார்ப்பவரின் பதில் ஒரு சொல்கூட மாறவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

எந்த மஞ்சள்?

இனிப் பூனைகளிடம் வருகிறேன்.

நத்தாருக்குச் சில கிழமைகளே இருந்தன. அக்கா கயிற்றை அவிழ்த்து விளக்கை இறக்கினார். பூனைகள் கிட்ட வந்தன, நான் செருப்பைக் காட்டி விரட்டினேன். மேசையில் வைத்து, மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினார். நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அலுமினியச் செட்டைகளில் எண்ணெய் அழகாகப் பூசப்பட்டிருந்தது. ஒரு இடுக்கும் மிச்சமில்லை. விரலால் தடவித் தடவிப் பூசிய வேலை. அதே ஒழுங்கோடு, அதே தடிப்பில், அந்த மஞ்சள் முகத்திலும் பூசியிருந்தது. பொரிந்து கருகியது அதுதான்.

அக்காவின் கை நின்றது.

"இஞ்சேருங்கோ, இந்த மஞ்சளிலையும் ஏன் பூசினனீங்கள்?"

"எந்த மஞ்சள்?" என்றார் அருளப்பு அண்ணை.

அக்கா எழுந்துபோய் அதை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தார். அவர் வாங்கிப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். சாம்பல் நிற உலோகத்தின் நடுவில் மஞ்சள். பட்டப்பகலில் பூசியிருக்கிறார்.

"எல்லாம் ஒரே நிறமாய்த்தானே கிடந்தது," என்றார்.

என் சிரிப்பு அங்கே நின்றது. பிறகு அக்கா மிகவும் மெதுவாகக் கேட்டார், கம்பத்தில் எரிந்த லைற்றை ஒருநாளாவது கண்டீர்களா என்று. அண்ணை வலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"கரை முழுக்க ஒரே வெள்ளைப் புகார் மூட்டம். அதுக்குள்ளை உம்மட லைற்றும் இருக்குமெண்டு நினைச்சனான்."

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. கண் மங்கி ஒரு வருடத்துக்கு மேல். சொன்னால் அன்றைக்கே படகை விற்றுவிடுவார்கள் என்று பயம். இத்தனை நாளும் எஞ்சினை மெதுவாக்கிவிட்டு, பண்ணைப் பாலத்தில் போகிற பஸ் சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டும், கோயிலின் மாலை மணியைக் கேட்டும், கோலால் அடியைக் குத்தி மணல் எங்கே முடிகிறது சாதாளைக் கடற்புல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தும் வந்திருக்கிறார். கண் தெரியாமல் அந்த வழியைக் கண்டுபிடித்து வந்த மனிதரை வியப்பதா, அவரோடு கோபிப்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

ஏன் ஒவ்வொரு நாளும் தெரியுது என்று சொன்னீர்கள் என்று நான்தான் கேட்டேன்.

"மாஸ்ரர், கையைச் சுட்டுச் சுட்டுச் செய்துபோட்டு வந்து நிண்டு, தெரியுதோ எண்டு கேக்கேக்கை, இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை. கொஞ்சம் கூட்டினால் ஒருநாள் தெரியுமெண்டும் நினைச்சனான்."

எமல்டா அக்கா திரும்பிப் போய் மேசையடியில் இருந்தார். மஞ்சள் முகத்தில் கருகியதைச் சுரண்டி எடுக்கத் தொடங்கினார். அவருடைய முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று அண்ணை இரண்டு தரம் கேட்டார். அக்கா துடைத்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு, எங்களுக்கு முன்னாலேயே போனை எடுத்து மகளுக்குச் சொன்னார். நாளைக்குக் காலையில் ஆசுப்பத்திரிக்குப் போகிறோம் என்றும் சொன்னார்.

நான் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது வழி நெடுக என்னையே ஏசிக்கொண்டு வந்தேன்.

கரையில் ஒரு வழக்கு

இரண்டு கண்ணிலும் புரை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. வெட்டினால் சரிவரும், ஆனால் இவ்வளவு காலம் விட்டிருக்கக் கூடாது என்றார்களாம். முதல் கண் பொங்கலுக்குப் பிறகு. மற்றது தவக்காலத்தில்.

நத்தாருக்கு மகள் வந்தாள். தகப்பனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவருடைய தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். படகு விற்கிற கதையை ஈஸ்டர் என்கிற உயிர்த்த ஞாயிறு வரைக்கும் எடுப்பதில்லை என்று ஒத்துக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு நாளும் தர மாட்டேன் என்றாள். கண் சரியான பிறகு அப்பா முதல் நாள் போய்த் தனியாக, ஒழுங்காக வந்து சேர வேண்டும். இல்லையென்றால் படகு விலைக்குத்தான்.

படகு கரையில் கவிழ்ந்து கிடந்த அந்த மாதங்களில் அக்கா விளக்கை அணைத்து வைத்தார். பற்றறி ஏன் வீணாக வேண்டும் என்று நினைத்தார். இரண்டாம் நாளே பக்கத்துத் துறைக்காரர் மூன்று பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்த லைற்றை வைத்துத்தானே நாங்கள் வருகிறோம், அதை எப்படி அணைப்பீர்கள் என்று சண்டைக்கே வந்தார்கள். அக்காவுக்கு அதுவரை தெரியாது. யாருக்காகச் செய்தாரோ அவர் காணாத வெளிச்சத்தில் ஒரு கரையே வீட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு மம்மலும் அது எரியாமல் விடவில்லை.

உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு புதன்கிழமை அருளப்பு அண்ணை கடலுக்குப் போனார். மகள் அந்த நாளுக்கென்றே கொழும்பிலிருந்து வந்திருந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போனேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

பொழுது சாய்ந்தது. கோயில் மணி அடித்தது. கம்பத்தில் விளக்கு மினுங்கத் தொடங்கியது. பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து ஏறின. கொஞ்சம் பொறுத்து அவருடைய எஞ்சின் சத்தம் கேட்டது. எனக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது. தூரத்தில் தடிகளுக்கு வெளியே படகு ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது.

அங்கே எஞ்சின் நின்றது.

வழியின் வாசலுக்குச் சரியாக முன்னால். காற்றும் இல்லை. படகு அசையாமல் நின்றது. ஒரு நிமிடம் போயிற்று. இன்னும் ஒன்று போயிற்று. மகள் அம்மா என்று மட்டும் சொன்னாள். பக்கத்துத் துறைக்காரர் தன் படகைத் தள்ளத் தயாராகிக் கயிற்றில் கை வைத்தார். எமல்டா அக்கா சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் ஆழம் வரைக்கும் போய் நின்றார். கூப்பிடவில்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

பிறகு எஞ்சின் திரும்பவும் பிடித்தது. படகு வாசலுக்குள் நுழைந்தது. ஒரு தடியிலும் படாமல், கோல் போடாமல், வேகம் குறைக்காமல் நேரே வந்தது.

"எஞ்சினுக்கு என்ன?" என்று அக்கா தண்ணீருக்குள் நின்றபடியே கேட்டார்.

"எஞ்சினுக்கு ஒண்டுமில்லை," என்றார் அருளப்பு அண்ணை. "நிப்பாட்டிப்போட்டு உம்மட லைற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

அண்ணை எறிந்த கயிற்றை எமல்டா அக்கா பிடித்துக் கட்டையில் கட்டினார். கட்டிய முடிச்சை அவிழ்த்து, திரும்பவும் ஒருமுறை கட்டினார்.